செரேர் மொழியை விழுங்குவது பிரெஞ்சு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் சிறுபான்மை மொழிகள் தேய்வதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். செனகல் நாட்டுச் செரேர் மொழியின் கதை வேறு என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்நாட்டின் ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆனால் தலைநகர் டக்காரின் சந்தையிலும் பேருந்திலும் வானொலியிலும் ஒலிப்பது வொலோஃப். வொலோஃப் இனத்தவர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரே. அம்மொழியைப் பேசுவோரோ 80 விழுக்காட்டுக்கும் மேல். எந்தச் சட்டமும் இதைத் திணிக்கவில்லை. சீன், சலூம் பகுதிக் கிராமங்களிலிருந்து பிழைப்பு தேடி டக்காருக்கு வந்த செரேர் குடும்பத்தில் பெற்றோர் தங்களுக்குள் செரேரில் பேசிக்கொண்டாலும், தெருவில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை வொலோஃபில்தான் பதில் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும்போது அவ்வீட்டில் செரேருக்கு வேலையே இருப்பதில்லை.

போவது சில சொற்கள் மட்டுமல்ல. செரேரில் ஒரு பெண் 'ஒதெவ்'. பல பெண்கள் 'ரெவ்'. பன்மையைக் காட்ட வேர்ச்சொல்லின் முதல் மெய்யே மாறிவிடுகிறது. குரல் அதிராமல் காற்றை உள்வாங்கி ஒலிக்கும் மெய்களும் அதில் உண்டு. உலகில் மிகச் சில மொழிகளே அவற்றைப் பெற்றிருக்கின்றன. இவையெல்லாம் தாய்மடியில் கேட்டுப் பழக வேண்டியவை.

செரேர் 1971ஆம் ஆண்டிலேயே ஆறு தேசிய மொழிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அறிவிப்பு ஏட்டில் இருக்கிறது. பள்ளியில் பிரெஞ்சும் தெருவில் வொலோஃபும் இருக்கின்றன. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கே இந்த நிலை. தியேஸ் நகரையொட்டி வழங்கும் நோன், ந்தூத், சாஃபி போன்ற சிறுமொழிகள் செரேரின் வட்டார வழக்குகள் அல்ல, தனிக் கிளையைச் சேர்ந்தவை. அவற்றைப் பேசுவோரும் பொதுவாகச் செரேர் இனத்தவர் என்றே கருதப்படுவதால், அவற்றின் தேய்வு எளிதில் கண்ணில் படாமல் போகிறது. எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது இதுதான்.

செனகலின் முதல் அதிபர் செங்கோர் செரேர் குடும்பத்தில் பிறந்தவர். திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று நம்பியவர். அக்கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை என்றாலும், அந்த ஈடுபாட்டுக்காக அவரை அன்போடு நினைவுகூரும் நாம் அவருடைய குடும்ப மொழி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அம்மொழியைப் பற்றியும் அதன் நிழலில் மறைந்துகிடக்கும் சிறுமொழிகளைப் பற்றியும் தங்கள் நாளிதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்