சோதிப்பது அறிவியலையா, எழுத்தையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகன் நாலாம் வகுப்பு. நீர் சுழற்சியைக் கேட்டால் ஆவியாவதிலிருந்து மழை வரை கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான், அதையே எழுதச் சொன்னால் 'மேகம்' என்பதற்கு ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று அங்கேயே நின்றுவிடுவான்; கிடைத்தது 20க்கு 3. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு, பள்ளியிலோ "வீட்ல நல்லா எழுத வைங்க" என்கிறார்கள். (வைக்காமலா இருக்கிறோம்!)

தமிழக அரசின் தொடக்கப் பள்ளிகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவது நல்ல யோசனைதான். சரி, தெரிந்ததை வாயால் சொல்லவோ வரைந்து காட்டவோ விட்டால் என்ன? அப்புறம், கரும்பலகையை அழிக்கும் முன் இரண்டு நிமிடம் பொறுங்கள், பாதி வரியில் இருப்பான்.

- ஒரு தாய், மதுரை