இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு சாவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பாரிஸ் வாந்தோம் சதுக்கத்தில் அந்த வெண்கலத் தூணுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் அம்மா கண்ணில் பட்டது உனக்குப் பின்னால் இருக்கிற நகைக்கடை. எனக்குத் தூண்.

போன வாரம் போனில் "ஓவியம் வரைகிறவனுக்கு எதுக்குப்பா அரசியல்?" என்று கேட்டாய். அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தத் தூணை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

குஸ்தாவ் கூர்பே என்று ஒரு பிரெஞ்சு ஓவியர், ஓர்னான் என்ற சின்ன ஊர்க்காரர். வசதியான விவசாயக் குடும்பம். 1848 பிப்ரவரியில் பாரிஸ் ஜனங்கள் தெருவில் இறங்க, ராஜா லூயி பிலிப் இங்கிலாந்துக்கு ஓடிப்போனார். அதுவரை பிரான்ஸில் சுமார் 2.5 லட்சம் பேருக்குத்தான் ஓட்டு. பிறகு வயதுக்கு வந்த ஆண்கள் எல்லோருக்கும் என்றாகி, எண்ணிக்கை 90 லட்சத்தைத் தொட்டது. பெண்களுக்குக் கிடையாது, அது தனிக் கதை.

அடுத்த வருஷமே கூர்பே இரண்டு படங்களில் இறங்கினார். ஒன்று, சாலையோரம் கல் உடைக்கிற ஒரு கிழவனும் ஒரு பையனும். இரண்டு பேர் முகமும் தெரியாது. கிழவனின் கிழிந்த காலுறை வழியாகக் குதிகால் தெரியும். பையன் சட்டை முதுகில் கந்தல், கையில் கல் கூடை. அந்தப் படத்தை இனி யாரும் பார்க்க முடியாது. 1945-ல் டிரெஸ்டன் பக்கம் குண்டுவீச்சில் போய்விட்டது.

இன்னொன்று ஓர்னானில் நடந்த ஓர் அடக்கம். பத்தடி உயரம், கிட்டத்தட்ட இருபத்திரண்டு அடி நீளம். நாற்பது பேருக்கு மேல், எல்லோரும் நிஜ ஆள் உயரம். உள்ளூர்க்காரர்களையே நிற்க வைத்து வரைந்தார். பார்த்தவர்களுக்கு வந்த கோபத்தை, பேனர் வரைந்தவன் நான், புரிந்துகொள்வேன். கட்டம் போடும்போதே முடிவாகிவிடும்: ஹீரோ முகம் பத்தடி, காமெடியனுக்கு ஒரு மூலை. பாரிஸிலும் அதே கணக்குதான். அந்த அளவுத் துணி ராஜாவுக்கும் புனிதர்களுக்கும் போர்க்களத்துக்கும் உரியது. அதில் பேர் தெரியாத ஒருவர் சாவுக்கு வந்த ஊர் ஜனங்களை ஏற்றினால்? ஓட்டு வந்தது போதாதென்று ஆளே வந்து நிற்கிறானே என்று இருந்திருக்கும். என் கணக்கில் அவர் செய்த பெரிய அரசியல் அந்த அளவுதான்.

1855 உலகப் பொருட்காட்சியில் இதைத் தள்ளிவிட்டார்கள். மனுஷர் சும்மா இருக்கவில்லை. பக்கத்திலேயே சொந்தச் செலவில் கொட்டகை போட்டு, 'ரியலிசம்', அதாவது உள்ளதை உள்ளபடி காட்டுவது, என்று பேர் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டினார்.

சரி, தூணுக்கு வருகிறேன். அது எதிரிகளிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி நெப்போலியன் எழுப்பியது. அதைக் கழற்றிவிட வேண்டும் என்று 1870-லேயே கூர்பே மனு எழுதியிருந்தார். 1871-ல் பாரிஸைக் கையில் எடுத்து ஆண்ட புரட்சி அரசு, பாரிஸ் கம்யூன் என்பார்கள், அதை இடிக்கத் தீர்மானம் போட்டது ஏப்ரல் 12. கூர்பே கம்யூனுக்குத் தேர்வானது அதற்குப் பிறகுதான். மே 16 தூண் சாய்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கம்யூனும் ரத்தத்தில் முடிந்தது.

பழி இவர் தலையில். ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். அதோடு விட்டார்களா? தூணைத் திரும்ப நிறுத்திய செலவு 3,23,091 பிராங்க் இவர் கணக்கில் ஏறியது. வருஷம் 10,000 கட்ட வேண்டும். ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிப்போய், ஏரிக்கரையில் குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். முதல் தவணைக்கு முந்தின நாள், 1877 டிசம்பர் 31, இறந்துபோனார். ஒரு தவணைகூடக் கட்டவில்லை. எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

நீ அந்தப் பில்லின் முன்னால்தான் நின்று போட்டோ எடுத்திருக்கிறாய். அப்புறம், அந்த அடக்கப் படம் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், போய்வா. குழி படத்தின் கீழ் விளிம்பில் இருக்கும். உனக்கும் அதற்கும் நடுவில் யாரும் நிற்க மாட்டார்கள். வலது பக்கம் ஒரு வெள்ளை நாய் இருக்கும். அது எதைப் பார்க்கிறது என்று பார்த்து எழுது. என் புத்தகத்தில் அது விரல் நகம் அளவுதான், கண்ணும் முன்னே மாதிரி இல்லை.

அன்புடன்,
அப்பா