ஹொல்மென்கொல்லனுக்குப் போய்வந்தேன், மகளே

ஒஸ்லோ
24.03.2025

அன்பு மகளுக்கு,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா அனுப்பும் செய்திகளை நீ படிப்பதாகத்தான் அவளுடைய தொலைபேசி காட்டுகிறது. பதில் வந்து மூன்று கிழமை ஆகிறது. அதைக் கேட்க எழுதவில்லை. பனிச்சறுக்கி ஓடிச் சுடும் உங்கள் பயத்லான் போட்டியைப் பார்க்க நேற்று ஹொல்மென்கொல்லனுக்குப் போய்வந்தேன், அதைச் சொல்லத்தான்.

நீ இலையுதிர்காலத்தில் அனுப்பிய டிக்கெட்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, தனியே போனேன். நோர்வே வீரர்கள் யொஹன்னெஸ், தார்யெய் சகோதரர்கள் பயத்லானிலிருந்து விடைபெறும் நாள் என்பதால் ரயிலில் நிற்க இடமில்லை. பெண்களின் 12.5 கிலோமீட்டர் கூட்டுத் தொடக்கப் போட்டியை வேலியோரம் நின்று பார்த்தேன். நவம்பர் கடைசியில் பின்லாந்தின் கொந்தியோலாத்தியில் தொடங்கிய பருவம். யாருக்குப் பருவத்தின் மொத்த உலகக் கோப்பை என்பது கடைசிச் சுற்று வரைக்கும் தெரியவில்லை. ஜெர்மனியின் பிராய்ஸும் பிரான்சின் ஜான்மொனோவும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கிகள் உரசி, அந்தப் பிரெஞ்சுப் பிள்ளை விழுந்துவிட்டது. நான்கு மாத உழைப்பு. எழும்பி வந்து எல்லையைக் கடந்தது. அவளைப் பெற்றவர்கள் இதை எங்கே நின்று பார்த்தார்களோ என்றுதான் எனக்கு நினைவு ஓடியது.

பக்கத்தில் நின்ற பெரியவரிடம், என் மகளும் இந்த விளையாட்டில்தான் இருக்கிறாள் என்றேன். படுத்துச் சுடும் குறி 45 மில்லிமீட்டர், நின்று சுடும் குறி 115, இரண்டும் 50 மீட்டர் தூரத்தில் என்றெல்லாம் சொன்னேன். குறைந்தது 3.5 கிலோ துப்பாக்கியை முதுகில் சுமந்து ஏற்றம் ஏறுகிறாய் என்றும் சொன்னேன். நீ பிறந்த எடையும் ஏறக்குறைய அதுதான்.

பிப்ரவரியில் கடைசிச் சூட்டில் உனக்கு நான்கு தவறியதை இணையத்தில் பார்த்துவிட்டேன். நான்கு தவறினால் 600 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், அவ்வளவுதானே. அதற்காக வீட்டோடு கதைக்காமல் இருப்பதா? எடை குறைந்தால் ஏற்றத்தில் லேசாக இருக்கும் என்று யாரும் சொன்னால் கேட்காதே. நத்தாருக்கு வந்தபோது பிட்டைக் கரண்டியால் உதிர்த்து உதிர்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாய். கைக்கடிகாரப் பட்டி இரண்டு துளை உள்ளே போயிருந்தது. அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். சாப்பிடு, பிள்ளை.

கவனித்தும் வாய் திறக்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று இருந்தது. பத்து வருடங்களில் உன் போட்டி ஒன்றுக்குக்கூட நான் வந்ததில்லை. சனிக்கிழமை வேலை என்பேன். பாதி நாட்கள் வேலை இருந்ததில்லை. மயோர்ஸ்துவா நிலையத்தில் கோப்பியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, போட்டி முடியும் நேரம் பார்த்து வீட்டுக்கு வருவேன். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. 1987 ஐப்பசி, ஆச்சி வீட்டுக் கிணற்றடி, உனக்குத் தெரியும். நீ துப்பாக்கிப் பெட்டியை முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுவந்த இரவு நான் சாப்பிடாமல் படுத்தேன். எனக்கு உன்னில் கோபம் என்று நினைத்திருப்பாய். பயந்துபோய்க் கிடந்தேன். அதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பொய் சொன்னேன், பிறகு பொய்யே பழகிவிட்டது.

நேற்றும் முதல் சூட்டின்போது காதைப் பொத்திக்கொண்டேன். முப்பது பேர் சுடுகிறார்கள். பிறகு கையை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த பனைமட்டை முறிவதுபோல ஒரு சத்தம், கரும்புள்ளி வெள்ளையாகிறது, சனம் கத்துகிறது. நான்காம் சூடு முடியும்வரை நின்றேன். கால் நடுங்கியது, ஆனாலும் நின்றேன்.

வெள்ளிக்கிழமை லில்லஹாமர் வருகிறேன். உண்மையாகவே விடுப்பு எடுத்திருக்கிறேன். அம்மா பிட்டும் நண்டுக் குழம்பும் கட்டித் தருகிறாள். நீ சுடும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. மனமில்லை என்றால் நிலையத்துக்காவது வா, சாப்பாட்டைக் கையில் தந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். கையுறை போட்டுக்கொண்டு வா.

அப்பா