அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே அனைவரின் நலமும் அறிய ஆவல். நலம் என்ற சொல்லை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. எடுத்த மார்பகத்தைத் திரும்ப அமைக்கும் அறுவைசிகிச்சை முடிந்து இன்றோடு 7 வாரங்கள் ஆகின்றன. நேற்றுதான் முதன்முறையாக யாருடைய துணையும் இல்லாமல் நிமிர்ந்து நடந்து தெருமுனைவரை போய்வந்தேன்.

"உயிர் பிழைத்து வந்ததே போதாதா, மறுபடியும் எதற்காகக் கத்தியின் கீழ் படுக்கிறாய்?" என்று போன மாதத்துக்கு முந்தைய மாதம் தொலைபேசியில் கேட்டீர்கள். அப்போது மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கையைத் தூக்கி மேசைமேல் வைத்து எழுத இப்போதுதான் முடிகிறது.

3 ஆண்டுகளுக்கு முன்பு புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்த பிறகு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் மார்பகத்தோடுதான் வாழ்ந்தேன். அது கனமாக இருக்கும்; வெயில் காலத்தில் வியர்த்து வழுக்கும். கீழே விழுந்த ஒரு பொருளை எடுக்கக் குனியும்போதெல்லாம் என் கை என்னை அறியாமல் மார்புக்குப் போகும். ஒரு நாளில் எத்தனை முறை அப்படிப் போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க முயன்று, மதியத்துக்குள் விட்டுவிட்டேன். அழகுக்காக இதைச் செய்துகொண்டேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள். நோயை நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்த அந்தக் கையை ஓய்வெடுக்க வைக்கத்தான் இதற்கு ஒப்புக்கொண்டேன். எதையும் செய்துகொள்ளாமல் தட்டையான மார்போடு நிம்மதியாக வாழும் பெண்கள் பலர் இருக்கிறார்கள், அதுவும் ஒரு முழுமையான முடிவுதான் என்று என் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே சொன்னார். அப்படிச் சொன்னதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்கு முன்பு வேறொரு மருத்துவமனையில் 10 நிமிடத்தில் பேசி முடித்து, சிலிக்கோன் பை வைக்கும் முறை ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லி, கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்ததை இப்போது நினைத்தாலும் நிறைவாக இருக்கிறது.

என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுப் பட்ட தோல் இறுகி, நெகிழ்ச்சியை இழந்துவிடும். அந்த இடத்தில் சிலிக்கோன் பை வைத்தால் அதைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிக் கெட்டியாகிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் என் சொந்தத் திசுவையே பயன்படுத்தலாம் என்றார்கள். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியோடும் சிரையோடும் சேர்த்து முழுவதுமாக எடுத்து, மார்புக்குக் கொண்டுபோய், விலா எலும்புகளுக்கு அருகில் ஓடும் இரத்தக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்துத் தைக்கிறார்கள். அந்தக் குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலம்தான். தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது. இதற்கு 'டீப் ஃபிளாப்' என்று பெயர். 1980களில் வயிற்றுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்களாம். அதனால் பலருக்கு வயிறு வலுவிழந்து குடலிறக்கம்கூட வந்திருக்கிறது. தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதை ஊடுருவி வரும் குழாய்களை மட்டும் பிரித்தெடுக்கும் இந்த முறையில் மார்பகத்தை அமைப்பதைப் பற்றி 1994இல் ராபர்ட் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் சக மருத்துவருடன் சேர்ந்து எழுதிய பிறகு, அது மெல்ல மெல்லப் பல நாடுகளுக்கும் பரவியது. இதையெல்லாம் மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன். நேரில் வரும்போது காட்டுகிறேன்.

நாங்கள் இருக்கும் ஊரில் இதைச் செய்வதற்கு ஆள் இல்லை. ரயிலில் 5 மணி நேரம் போக வேண்டிய ஒரு பெருநகரத்தில்தான் நுண் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டை விட்டு வந்து, இங்கே ஒரு வீட்டைப் பழகிக்கொண்டு, அதையும் விட்டு மூன்றாவதாக ஓரிடத்துக்குப் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் படியேறத் தேவையில்லாத தரைத்தள அறை ஒன்றை 3 வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். முதல் வாரம் என்னோடு வேலை செய்யும் தோழி விடுப்புப் போட்டு உடன் வந்தாள். பிறகு என் கணவர் வந்தார். அந்த நாட்களில் மகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாத ஊரில், உதவி கேட்கத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தேதியையும் வேலையையும் எழுதி, 'இந்த நாளில் இதை உங்களால் செய்ய முடியுமா' என்று வெளிப்படையாகக் கேட்டால் இங்குள்ளவர்கள் மனமுவந்து செய்கிறார்கள். கேட்காவிட்டால், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து ஒதுங்கியே இருந்துவிடுகிறார்கள்.

தயாரிப்பு 2 மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வயிற்றின் இரத்தக் குழாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்பதைப் பார்க்க, சிரையில் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் என்பதால், புற்றுநோய் திரும்பாமலிருக்கச் சாப்பிடும் டாமொக்சிஃபென் மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நிறுத்தி, அவர் சொன்ன நாளில் மறுபடியும் தொடங்கினேன். புகைபிடிப்பவர்களாக இருந்தால் பல வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டுமாம். நிக்கோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்பதால், வைத்துத் தைத்த திசுவே செத்துப்போகக் கூடும். வயிற்றுக்கு வேலை கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்கையிலிருந்து எழுவது எப்படி என்று முன்கூட்டியே பழகினேன். அலமாரியின் மேல்தட்டில் இருந்தவற்றையும் அடித்தட்டில் இருந்தவற்றையும் இடுப்பளவு உயரத்துக்கு மாற்றி வைத்தேன். முன்பக்கம் பித்தான் வைத்த தளர்வான சட்டைகளைத் தேடி எடுத்து வைத்தேன்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிய உதவியாக இருந்தது ஒரே ஒரு தாள், அக்கா. இங்கே வலியை எண்ணில் கேட்கிறார்கள்: 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க எண் போதும். என்ன நடக்கிறது என்று சொல்ல எனக்கு அது போதவில்லை. நமக்குக் குத்துவதும் கடுப்பதும் குடைவதும் எரிவதும் சுரீரென்று இழுப்பதும் விண்விண்ணென்று தெறிப்பதும் வேறு வேறு வலிகள். மயக்கம் தெளிந்த நிலையில் இந்த நாட்டு மொழியில் ஒரு சொல்லும் வாயில் வராது என்று பயந்து, மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரோடு தொலைபேசியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் எதிரே இந்த மொழியில் ஒரு வரி விளக்கம் எழுதி, செவிலியர்களிடம் கொடுத்தேன். அவர்கள் அதைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைத்தார்கள்.

அறுவைசிகிச்சை அன்று காலையில், என்னை நிற்கவைத்து மருத்துவர் உடம்பெல்லாம் பேனாவால் கோடு போட்டார். அதன் பிறகு 9 மணி நேரம் எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது அறை வெந்துகொண்டிருந்தது. மேலே வெப்பக் காற்று ஊதும் போர்வை, கால்களில் மாறி மாறி அழுத்தும் உறைகள். உடல் குளிர்ந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு முழுவதும் மணிக்கொரு முறை செவிலியர் வந்து, புதிய மார்பின் நிறத்தைப் பார்த்து, சூட்டைத் தொட்டறிந்து, விரலால் அழுத்தி எடுத்து எத்தனை நொடியில் நிறம் திரும்புகிறது என்று கவனித்து, கடைசியாகப் பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்தார். இரத்தம் ஓடும் ஓசை அந்த அறையில் கேட்டது. வயிற்றிலிருந்து எடுத்து வைத்த ஒரு துண்டுச் சதைக்குள் என் நாடியின் ஓசையை நானே கேட்டேன், அக்கா. மருந்தின் மயக்கத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டாலும் அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் நிறம் சற்றுக் கருத்தது. நூற்றில் ஒரு சிலருக்கு இணைத்த குழாய் அடைபட்டு, மறுபடியும் அறுவை அறைக்குக் கொண்டுபோக நேரும், அப்படியும் சில நேரம் திசுவைக் காப்பாற்ற முடியாமல் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால், எனக்குக் கைகால்கள் நடுங்கின. மருத்துவர் ஓடிவந்து பார்த்தார். நான் தூக்கத்தில் சரிந்து படுத்ததில் ஒரு தலையணை அக்குளோரம் அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்து என்னை நேராகப் படுக்கவைத்ததும், அரை மணி நேரத்தில் நிறம் திரும்பியது. அந்த அரை மணி நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகத் தோழி சொன்னாள்.

ஐந்தாம் நாள் வாடகை அறைக்கு வந்தோம். மார்பிலும் வயிற்றிலுமாக 3 டிரெய்ன் குழாய்கள் தொங்கின. காலையிலும் மாலையிலும் அவற்றில் சேர்ந்த நீரை அளந்து குறித்துவைத்தோம். ஒரு குழாயில் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் குறைவாக வரத் தொடங்கிய பிறகு அதை எடுத்தார்கள். வயிற்றுத் தையல் இழுக்கும் என்பதால் 2 வாரங்கள் கூனிக்கொண்டுதான் நடந்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, பாதி உட்கார்ந்தபடியே தூங்கினேன். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க ஊசி மருந்தைத் தொடையில் நானே போட்டுக்கொள்ளக் கற்றேன். வலி மாத்திரைகளால் வந்த மலச்சிக்கலை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை; என்னைப் பொறுத்தவரை முதல் வாரத்தில் தையலைவிட அதுதான் அதிகம் வருத்தியது.

மூன்றாம் வாரத்தில் ரயிலேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் உடைந்தது. வயிற்றுத் தையலின் நடுவில் ஓர் அங்குல அளவு பிரிந்துகொண்டது. இது பலருக்கும் நேர்வதுதான், கட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் ஆறிவிடும் என்றார்கள், அப்படியே ஆறியும்விட்டது. ஆனாலும் அந்த நாட்களில் காரணமில்லாமல் அழுதேன். 'நாமே வரவழைத்துக்கொண்ட துன்பம்தானே, யாரிடம் போய் அழுவது' என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மறுசந்திப்பில் செவிலியரிடம் இதைச் சொன்னபோது, நானே தேர்ந்தெடுத்தது என்பதால் வலி குறைந்துவிடாது, அழுவதற்கு உரிமையும் போய்விடாது என்றார். உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல் இருந்ததும் அந்த எண்ணத்தால்தான், மன்னித்துவிடுங்கள்.

இனி, கிடைக்காதது எது என்றும் சொல்ல வேண்டும். அந்த மார்பில் தொடு உணர்வு இல்லை. நரம்புகள் அறுபட்டுவிட்டதால் ஓரங்களில் சிறிது திரும்பலாம், நடுவில் திரும்பாமலே போகலாம். சூடு தெரியாது என்பதால் வெந்நீர்ப் பையை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காம்பு இல்லை, சில மாதங்கள் கழித்துப் பச்சை குத்தி அதைப் போன்ற தோற்றத்தைக் கொண்டுவரலாம் என்கிறார்கள், அதை இன்னும் முடிவு செய்யவில்லை. இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நீளமான தழும்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. ஆனால் இது என் உடம்பின் சூட்டோடு இருக்கிறது. நான் எடை கூடினால் தானும் கூடும், குறைந்தால் தானும் குறையும். போன வாரம் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அவள் தலை பட்டது எனக்குத் தெரியவில்லை, அவள் கைகளின் இறுக்கத்தை முதுகில்தான் உணர்ந்தேன். அதற்காக அன்றிரவு கொஞ்சம் அழுதேன். ஆனால் மறுநாள் அவளுடைய பென்சில் கீழே விழுந்து, அதை எடுத்துக் கொடுத்து நிமிர்ந்த பிறகுதான், என் கை மார்புக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மரபணுப் பரிசோதனையில், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்கள் இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை. அப்படியிருந்தாலும், உடன்பிறந்தவளுக்கு இந்த நோய் வந்திருந்தால் மற்றவளுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீங்கள் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி 2 ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்காகப் பயந்த அந்தப் பயத்தில் பாதியை உங்களுக்காகவும் வைத்துக்கொண்டு, இந்த மாதமே போய் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள் தூங்கிய பிறகு, நானே அழைத்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை