கஞ்சிப்புரை அக்காவுக்கு

இன்று மதியம் மூன்று மணிக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. நான் சவாரியில் இருந்தேன். டாப் ஸ்டேஷன் போகிற வழியில் டவர் கிடைத்த இடத்தில் ஜீப்பை ஓரம் கட்டி, மகளின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். தமிழ் ஏ பிளஸ். சமூக அறிவியல் பி பிளஸ். கணக்கு சி பிளஸ். ஹிந்தி டி பிளஸ். எல்லாப் பாடத்திலும் டி பிளஸ்ஸாவது இருந்தால் பிளஸ் ஒன் போகலாம். என் மகள் போகலாம். வண்டியில் வந்த குடும்பம் என்னவோ ஏதோ என்று பதறி இறங்கிவிட்டது. அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். நல்ல சேதிதான் என்று அவர்களிடம் சொல்வதற்கே எனக்கு வெகு நேரம் ஆனது.

ஆகஸ்டில் எங்கள் வீட்டில் நடந்தது மூணாறில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்ததை எழுதாவிட்டால் இன்று ராத்திரி தூக்கமும் வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா, பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. பள்ளிச் சமையலறையைத்தான் இங்கே கஞ்சிப்புரை என்போம். கஞ்சிப்புரை அக்கா என்றால் அந்தப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் ஆள் தெரியும்.

நான் மனைவியோடு கோட்டயம் மெடிக்கல் காலேஜில் கிடந்த மாதங்களில் மகள் என் அம்மாவோடு லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தாள். அந்த ராத்திரியோடு அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் அம்மா அவளைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டார்கள். வகுப்பு வாசல் வரைக்கும் போனாளாம். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கிளாஸ் டீச்சர் கூப்பிட்டிருக்கிறார்கள், கூட்டாளிப் பிள்ளைகள் வந்து இழுத்திருக்கிறார்கள். திரும்பி நடந்து, பின்பக்கம் கிராண்டிஸ் மரங்களை ஒட்டி இருக்கிற கஞ்சிப்புரைத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீங்கள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. ஒரு முறத்தில் சிறுபயறைக் கொட்டி அவள் மடியில் வைத்து, "பாப்பா, இதுல கல்லு கிடக்கு, என் கண்ணுக்குத் தெரியல, கொஞ்சம் பாத்துக் குடு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

பயறில் கிடக்கிற கல் பயறு நிறத்திலேயே இருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால்தான் அகப்படும். போன மாதம் ஒரு நாள் நானும் வீட்டில் ஒரு முறம் பயறோடு உட்கார்ந்து பார்த்தேன். கண்ணும் விரலும் அதிலேயே நிற்கிறது. கால் மணி நேரம் வேறு எந்த நினைப்பும் கிட்டே வரவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு கால் மணி நேரம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. என் மகளுக்கு அதை நீங்கள் தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கொடுத்திருக்கிறீர்கள். ஒரு நாள் பயறு, ஒரு நாள் கடலை, ஒரு நாள் சின்ன வெங்காயம்.

ஒன்பதாம் நாள் முறத்தைக் கொடுக்கவில்லை. நோட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். எல்.பி., அதாவது நாலாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைக்கு 100 கிராம், யு.பி., அதாவது அதற்கு மேல் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் அரிசி என்பது கணக்கு. "இன்னிக்கி எல்.பி.ல 64 பேரு, யு.பி.ல 81 பேரு. அரிசி எவ்வளவு போடணும்?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டிருக்கிறீர்கள். வருஷக் கணக்காக அந்த அண்டாவில் அரிசி போடுகிற கை உங்களுடையது. நோட்டைப் பார்த்தா அரிசி அளப்பீர்கள்? என் மகள் கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "பதினெட்டரைக் கிலோ, அம்பது கிராம்" என்றாளாம்.

இரண்டு மாதத்துக்கு மேலாகி அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. நீங்கள் அதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப அந்த வாளியை எடு" என்று மட்டும் சொன்னீர்களாம். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அழுதீர்கள் என்று உங்கள் மகன்தான் எனக்குச் சொன்னான்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. பணம் புரட்டுவதற்காக நான் கோட்டயத்திலிருந்து வந்தது பதினோராம் நாள். மூவாற்றுப்புழை, கோதமங்கலம், அடிமாலி என்று ராத்திரி பூராவும் ஓட்டி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் மகளைப் பார்க்க நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வகுப்பில் அவள் இல்லை. பின்பக்கம் வந்து பார்த்தால், அடுப்படியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "படிக்க அனுப்புன பிள்ளைய வேலை வாங்குறீங்களா? அவ அம்மா கொழுந்து எடுத்ததும் நான் வண்டியில கெடக்குறதும் இவளை அடுப்படிக்கு அனுப்பவா?" என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் கத்தினேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நீங்கள் பதிலே சொல்லவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து நீட்டினீர்கள். மாவும் எண்ணெயும் பட்ட பக்கம். அதில் என் மகளின் கையெழுத்து. 18.550. அடுத்த நாளுக்கு இன்னொரு கணக்கு. அன்றைய தேதிக்கு ஒன்று. "வாயத் தெறந்து சொல்லிட்டுத்தான் எழுதுறா அண்ணே. வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு நானும் டீச்சரும் யாருக்கும் சொல்லல" என்றீர்கள்.

நான் அப்போதே உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். வெட்கத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் காலை பெல் அடித்ததும் அவள் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தானாக நடந்து வகுப்புக்குள் போனாள் என்று டீச்சர் போனில் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். அன்றைக்கும் உங்களுக்குப் போன் பண்ணவில்லை. நவம்பரிலிருந்து இந்த மே மாதம் வரை அந்த மன்னிப்பு என் தொண்டையிலேயே நிற்கிறது. கத்தியது எல்லோர் முன்னாலும் என்பதால் மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

பள்ளியில் மதியச் சோறு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். என் மகள் பத்தாம் வகுப்பு. அவளுக்கு உங்கள் தூக்குச்சட்டியில் வருகிற கப்பக்கிழங்கையும் கறியையும் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். வகுப்புக்குப் போன பிறகும் பரீட்சை முடிகிற வரைக்கும் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பள்ளியில் 500 பிள்ளைகள் வரைக்கும் சமைக்க ஒரே ஆள்தான். அதுவும் நாள் கூலிக்கு. அந்த ஒரு ஆளாக நின்று 145 பிள்ளைகளுக்குப் பொங்கி இறக்குகிற நேரத்தில் இன்னொரு பிள்ளையையும் பார்த்துக்கொள்ள உங்களுக்கு எப்படி முடிந்தது?

நானும் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான். கேரளத்தில் 1984-ல் தொடங்கிய பள்ளி மதிய உணவான உச்சக்கஞ்சி என் காலத்தில் கஞ்சியும் பயறும்தான், இன்று போலப் பாலும் முட்டையும் கிடையாது. மழைக்காலத்தில் நனைந்து வந்து அந்தக் கஞ்சித் தட்டை இரண்டு கையாலும் பிடித்தால் விரல் மடங்க ஆரம்பிக்கும். ஏழாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். அந்தக் கஞ்சியை ஊற்றிய அம்மாவின் கை வளையல் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. பேர் தெரியாது. இன்று சாயங்காலம் முழுவதும் பழைய ஆட்கள் நாலைந்து பேருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வாத்தியார்கள் பேரெல்லாம் சொல்கிறார்கள். அந்த அம்மா பேரை ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் காலத்தில் அப்படி நடக்காது.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அவள் கஞ்சிப்புரையில் இருந்த நாட்களிலும் ஆஜர் போட்டு, ஒவ்வொரு நாளும் இன்டர்வலில் அந்தப் பக்கமாக நடந்து போய் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு பக்க நோட்ஸை திண்ணையில் வைத்துவிட்டு வந்த கிளாஸ் டீச்சருக்கு. "அங்கேயே இருக்கட்டும், யாரும் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று சொன்ன எச்.எம்.முக்கு. ஜனவரி உறைபனியில் ஆறரை மணிக்கே வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த சாருக்கு. நோட்ஸை இரண்டு இரண்டு காப்பியாக எழுதி வைத்த கூட்டாளிப் பிள்ளைகளுக்கு. லயத்தில் என் அம்மாவோடு மாறி மாறிப் படுத்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு. கோட்டயத்தில் ரத்தம் கொடுத்த, பேர்கூடச் சொல்லாமல் போன பையன்களுக்கு. ஸ்டாண்டில் என் முறை சவாரியை ஓட்டிப் பணத்தை வீட்டில் கொடுத்த டிரைவர்களுக்கு.

ஆபீஸில் இருக்கிற சேட்டனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வருகை நாட்கள் குறைந்ததால் பரீட்சை எழுத விலக்குக் கேட்டு மனு கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. யாரிடம் போய் எழுதி வாங்குவது என்று நின்றபோது அவர், "தமிழ்லே எழுதிக்கோ அண்ணா, 1969-லே சட்டம் உண்டு, இவிடத்தெ தமிழ்க்காருக்கு தமிழ்லே சர்க்காருக்கு எழுதலாம்" என்றார். 1956 நவம்பர் 1-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதைப் பற்றிப் பெரியவர்கள் வருத்தமாகப் பேசிக் கேட்டே வளர்ந்தவன் நான். என் உரிமை என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மலையாளி சேட்டன். மனுவை நானே எழுதினேன். பிழை இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டதும் அவர்தான். மார்ச்சில் என் மகள் கையில் வந்த கேள்வித்தாளும் தமிழில்தான் இருந்தது.

என் மனைவி இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். ரிசல்ட்டைக் கேட்டதும் அவள் முதலில் கேட்டது, "அந்த அக்காகிட்ட சொல்லியாச்சா?" என்றுதான். மகள் எனக்கு முன்னாலேயே உங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். இப்போது அவளுக்குப் பேச்சு குறைவே இல்லை.

அக்கா, நீங்கள் பஸ் நிற்கிற வளைவிலிருந்து காய்கறி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறுவதை நான் பல தடவை வண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கடந்தும் போயிருக்கிறேன். ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கிறது. அன்றிலிருந்து மூணாறு மார்க்கெட்டில் வாங்குகிற காய் என் ஜீப்பில்தான் மேலே வரும். நான் இல்லாத நாளில் என் தம்பி கொண்டுவருவான். சீசன், சவாரி என்று எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன். வாடகை என்ற பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருங்கள். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். கஞ்சிப்புரை முறத்தின் ஓரம் பிய்ந்து, கம்பி சுற்றி வைத்திருக்கிறீர்கள் என்று மகள் சொன்னாள். மார்க்கெட்டில் பிளாஸ்டிக்தான் தொங்குகிறது. மூங்கில் முறம் ஒன்றை போடியிலிருந்து வரச்சொல்லி வாங்கிவிட்டோம். சாணி மெழுகி வெயிலில் காயவைக்க வேண்டும் என்று என் அம்மா அதை எடுத்து வைத்திருக்கிறார்கள்.