ஒட்டியும் ஒட்டாமலும்

கிளிநொச்சி

அன்புள்ள நண்பா,

மாரி முழுவதும் உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்கு வழக்கம்போல் என் சோம்பலையே திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். இரணைமடுவிலும் தண்ணீர் இருக்கிறது. இப்போது எழுத வைத்தவன் உன் மகன்.

அறிவியல்நகரில் படிக்கும் அவன் ஞாயிறன்று வந்து, செராமிக்கினுள் இழைகளைப் பொதித்துச் செய்யும் கூட்டுப்பொருளில் இழையையும் அதைச் சூழ்ந்த தாய்ப்பொருளையும் இயன்றளவு இறுக்கமாக ஒட்டவைப்பதே தன் இறுதியாண்டு ஆய்வு என்றான். சைக்கிள் ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டவனின் பிள்ளை வேறென்ன சொல்வான்!

பிளாஸ்ரிக் தாய்ப்பொருளென்றால் அவன் சொல்வது பெரும்பாலும் சரி. செராமிக்கிலோ முதலில் வெடிப்பது தாய்ப்பொருள்தான். இழை அதனோடு ஒன்றிப்போயிருந்தால் வெடிப்பு இழையையும் அறுத்துக்கொண்டு நேரே ஓடிவிடும். பிடி சற்றுத் தளர்ந்திருந்தால் அது இழையோரமாகத் திரும்பும். அறாத இழைகள் வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்து நிற்க, அறுந்தவை உருவி வெளிவருகையில் உராய்விலேயே பெருமளவு சக்தி செலவாகும். வைக்கோல் பிசைந்த மண்சுவர் வெடித்தும் விழாமல் நின்றதை நாம் பார்க்கவில்லையா?

இதற்காகவே, ஏறக்குறைய 14 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் காபைட்டு இழைமேல் காபனையோ போரன் நைத்திரைட்டையோ வாயுவிலிருந்து மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். இரு பொருள்களும் ஒரே விறைப்புடையவையாயின், அவை ஒட்டியிருக்கும் இடைமுகத்தைப் பிரிக்கும் சக்தி இழையை முறிக்கும் சக்தியின் காற்பங்களவுக்குள் இருந்தால்தான் வெடிப்புத் திரும்பும் என்று ஹே, ஹட்சின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989 இல் கணித்துக் காட்டினர்.

என்னை உண்மையில் உறுத்துவது அந்தப் படலத்தின் ஆயுள். காபன் காற்றில் 500 பாகை செல்சியஸ் அளவிலேயே எரியத் தொடங்கிவிடும். போரன் நைத்திரைட்டு இன்னும் தாங்கும். ஆயினும் வெடிப்பின் வழியே ஒட்சிசனும் நீராவியும் நுழைந்தால், அது இருந்த இடத்தில் கண்ணாடி உருவாகி இழையைத் தாய்ப்பொருளோடு பிணைத்துவிடும். உன் மகன் தேடும் ஒட்டு அப்போது தானாகவே கிடைக்கும். பொருள்தான் ஓடுபோல் நொருங்கும். 2016 முதல் சேவையிலுள்ள லீப் விமான எஞ்சின்களின் சுழலிப் பகுதியிலும் இவ்வகைப் பொருள் இருப்பதால், இதைச் சிறு விடயமென்று ஒதுக்க முடியாது.

முறிந்த முகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்கட்டும். இழை நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. தட்டையாக இருந்தால் ஒட்டு மிஞ்சிவிட்டது. நான் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னாலும் கேட்கமாட்டான். தங்கச்சியைக் கொண்டு சொல்வித்துவிடு. முன்மொழிவை அடுத்த கிழமை கொடுக்க வேண்டுமாம்.

என்றும் உன்,
பழைய வாங்குத் தோழன்