எத்தனை மில்லி என்று கேட்டீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குழந்தைகள் மருத்துவமனைகள் பற்றிய செய்தியில் 'பெற்றோருக்கு முழுத் திருப்தி' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனசு வலித்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்த் தாய்மாரிடம் கேட்டீர்களா? டாக்டர் நன்றாகப் பேசினாரா என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நாளைக்கும் அதே வாசலில் நிற்க வேண்டுமே! மருந்தை எத்தனை மில்லி கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. (மில்லிகிராம்). பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. ஐந்து மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது ஆறு மில்லிக்குச் சற்று மேல், 250 மி.கி. உள்ளதில் மூன்றே மில்லி. மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சீட்டில் '6 மில்லி' என்று மட்டும் கிறுக்கினால், பாட்டில் தீர்ந்து பொள்ளாச்சியில் 250 மி.கி. சிரப் வாங்கும் தாய் இரட்டிப்பாகக் கொடுப்பாள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படியே போனால் கல்லீரல் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பல இடங்களில் எடையே போடுவதில்லை, வயதைக் கேட்டு எழுதிவிடுகிறார்கள்.

வயிற்றுப்போக்குக்கும் இதே கதிதான். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு–சர்க்கரைப் பொடியின் பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டினால் உப்பு கூடிவிடும். துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். இதை எந்த ஜன்னலில் சொல்கிறார்கள்?

தடுப்பூசி நாளிலும் அப்படித்தான். என்ன ஊசி, என்ன ஆகலாம், அடுத்து எப்போது, அட்டையைப் பத்திரமாக வை — இந்த நான்கையும் சொல்லியே அனுப்ப வேண்டும் என்பது விதி. பல பிள்ளைகளுக்கான தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக் குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரம்தான் வைக்கலாம் என்பதால், பிள்ளைகள் சேரட்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். காரணத்தையாவது சொல்லக் கூடாதா?

சொன்னாலும் மலையாளத்தில். சிறுபான்மை மொழிப் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத்துத் தொடர்பு வைக்க 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் தமிழ் ஆகாதா?

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: மருந்தின் பெயர், ஐந்து மில்லியில் எத்தனை மி.கி., எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று தமிழில் ஒரு துண்டுச்சீட்டு. மருந்து தரும் இடத்திலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் அந்தக் கோடுவரை இழுத்துக் காட்டட்டும். தங்கள் இதழ் இதைச் சுகாதாரத் துறையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்